ஒரு மைலுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ஊரில் இடநெருக்கடி, மலையில் வழித்தொலைவு. இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றே!

ஒரு குழந்தை படிப்பைப் பாதியில் ஏன் விட்டுவிடுகிறது?

வீட்டில் வறுமை என்பார்கள். பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் வேறு இரண்டு காரணங்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒன்று, பள்ளியில் உட்கார இடமில்லை. மற்றொன்று, பள்ளிக்குப் போய்ச் சேர வழியில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்த இரண்டு காரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கீழே நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகிற சமவெளி. ஊர்கள் நெருங்கி நெருங்கி இருக்கின்றன. கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கோமுகி அணை. அதற்கு மேலே கல்வராயன் மலை. அங்கே வீடுகள் சிதறிச் சிதறிக் கிடக்கின்றன. கீழே, வந்த குழந்தைகளை எங்கே உட்கார வைப்பது என்பது கேள்வி. மேலே, குழந்தைகளை எப்படி வரவழைப்பது என்பது கேள்வி.

கேள்விகள் இரண்டு. பதில் ஒன்றுதான். வேண்டிய இடத்தில் ஒரு புதிய தொடக்கப் பள்ளி!

ஊர் வளர்கிறது, பள்ளி வளர்ந்ததா?

ஒரு காலத்தில் கள்ளக்குறிச்சி தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. தலைநகரம் கடலூர். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது கள்ளக்குறிச்சி அதோடு போயிற்று. பிறகு 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

மாவட்டத் தலைநகரம் என்றால் சும்மாவா? அலுவலகங்கள் வரும். அலுவலகத்தோடு குமாஸ்தாக்கள் வருவார்கள். அவர்களுக்கு வீடு கட்டக் கொத்தனாரும் சித்தாளும் வருவார்கள். பின்னாலேயே சாப்பாட்டுக் கடையும் மளிகைக் கடையும் வரும். நேற்று வரை கரும்பு நின்ற வயலில் மனைக்கல் முளைக்கும். இப்படி வந்தவர்கள் எல்லாரும் தனியாக வருவதில்லை. குழந்தை குட்டிகளோடுதான் வருகிறார்கள்.

புது நகர் போடுகிறவர்கள் சாலைக்கு இடம் விடுகிறார்கள். விநாயகர் கோவிலுக்கும் இடம் விடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு? அது ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். பழைய ஊருக்குக் கட்டிய பள்ளி புதிய ஊரையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாகிறது.

இதற்கு மேல் இன்னொன்று நேர்ந்தது. 2020-ல் கொரோனா வந்தது. பல குடும்பங்களில் வருமானம் நின்றது. தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் 2021-ல் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அழைத்து வந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் இது நடந்தது. வருகிற பிள்ளையை வேண்டாம் என்று எந்த அரசுப் பள்ளியும் சொல்லாது. சொல்லவும் கூடாது. ஆனால் சேர்க்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிற பெயரைச் சுவர் தாங்க வேண்டும் அல்லவா?

ஓர் அறை, மூன்று வகுப்பு

நெருக்கடி என்றால் என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள ஓர் அறை. மொத்தம் 400 சதுர அடி. அதில் 40 குழந்தைகள் உட்கார்ந்தால் ஒரு குழந்தைக்கு 10 சதுர அடி கிடைக்கும். காலை மடக்கி உட்காரலாம். பக்கத்தில் பையை வைக்கலாம். முன்னால் நோட்டை விரிக்கலாம். அதே அறையில் 80 பேர் உட்கார்ந்தால்? ஆளுக்கு 5 சதுர அடி. பையை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கை அடுத்த பிள்ளையின் மேல் இடிக்க இடிக்க எழுத வேண்டும். கடைசி வரிசைக்கும் கரும்பலகைக்கும் நடுவே நாற்பது தலைகள். எந்தக் குழந்தைக்கு எழுத்துத் தெரியவில்லை என்பது உபாத்தியாயருக்கும் தெரியாது.

இதை விடவும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அறை போதாத பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே கூடத்தில் இருக்கும். ஒரு மூலையில் 'அம்மா, ஆடு' என்று பாடம் நடக்கும். மறு மூலையில் வாய்ப்பாடு. நடுவில் ஒரு பிள்ளை இரண்டையும் கேட்டு, இரண்டையும் விட்டுவிடும். 2022-ல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்புக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையில்லாமல் படிக்க வேண்டும், எழுத வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அதன் நோக்கம். பாட்டு, விளையாட்டு, அட்டை, கதை என்று அதில் எல்லாம் உண்டு. இவற்றுக்கெல்லாம் தரை வேண்டும். கை கால் நீட்ட இடம் வேண்டும்.

இடநெருக்கடி படிப்பை மட்டும் கெடுப்பதில்லை. உயிரையும் வாங்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்குமா? சமையற்கூடத்தில் பற்றிய தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் குழந்தைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி ஓட வழி போதவில்லை. 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று கண்டிப்பு வந்தது. சமையற்கூடம் தள்ளியிருக்க வேண்டும், படிக்கட்டு அகலமாக இருக்க வேண்டும், ஓர் அறையில் அளவுக்கு மேல் பிள்ளைகளை அடைக்கக் கூடாது என்பவை வெறும் விதிகள் அல்ல. 94 தாய்மார்களின் கண்ணீர் எழுதிய விதிகள் அவை.

எழுபது ஆண்டுக்கு முன்பு

இடமில்லை, ஆசிரியர் இல்லை, ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற சிக்கல் புதிதல்ல. சென்னை ராஜ்யம் இதைச் சந்தித்திருக்கிறது. அப்போது இரண்டு வழிகள் சொல்லப்பட்டன.

முதல் வழி 1953-ல் வந்தது. அப்போது முதலமைச்சர் ராஜாஜி. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பது. ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று மணி நேரம் மட்டும் பாடம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுவது. இருக்கிற கட்டடத்தையும் இருக்கிற ஆசிரியரையும் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்பது அரசாங்கத்தின் வாதம். அப்பன் தொழிலையே மகன் தலையில் கட்டுகிற குலக்கல்வி இது என்று எதிர்ப்பு எழுந்தது. தந்தை பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டாவது வழி காமராஜர் எடுத்தது. குழந்தையின் நேரத்தைக் குறைக்க வேண்டாம். பள்ளியின் எண்ணிக்கையைக் கூட்டுவோம் என்பது அது. சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்த நேர்ந்தவர் காமராஜர். பள்ளிக்கூட வாசலின் அருமை அவருக்குத் தெரியும். கல்வி அமைச்சராக சி.சுப்பிரமணியம் இருந்தார். பொதுக் கல்வி இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு வந்தார்.

அவர்கள் கையில் ஓர் எளிய அளவுகோல் இருந்தது. ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப் பள்ளி. மூன்று மைலுக்குள் ஒரு நடுநிலைப் பள்ளி. ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி. முதலில் 500 பேர் வாழும் ஊர்களுக்குப் பள்ளி. பிறகு 300 பேர் வாழும் ஊர்களுக்கும் பள்ளி. கட்டடம் எழும் வரை காத்திருக்கவில்லை. கோவில் மண்டபமோ சாவடியோ திண்ணையோ எது கிடைத்ததோ அங்கே ஓராசிரியர் பள்ளி தொடங்கியது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள் ஆசிரியர்களானார்கள். ஊருக்குப் பள்ளி கிடைத்தது. இளைஞனுக்கு உத்தியோகம் கிடைத்தது.

பசித்த வயிறு பாடத்தைக் கேட்குமா? 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊராரின் நன்கொடையில் நடந்தது. அரசு உதவியோடு விரிந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சோறு வந்தால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் வந்தால் இடம் வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக வருகிற சங்கதி இது.

ஊர் கூடி நடத்திய மாநாடு

இத்தனை பள்ளிகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கஜானாவிலிருந்து மட்டும் வரவில்லை. 1958-ல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் உள்ள கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பிறகு ஜில்லா ஜில்லாவாக அது பரவியது.

மாநாடு என்றால் மேடைப் பேச்சோடு முடிந்துபோகிற மாநாடு அல்ல. முதலில் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். இந்தப் பள்ளிக்கு ஓர் அறை. அந்தப் பள்ளிக்குக் கிணறு. இன்னொன்றுக்குக் கரும்பலகை, தேசப்படம், கடிகாரம். பட்டியலை ஊராரிடம் கொடுத்தார்கள். நிலம் உள்ளவர் நிலம் தந்தார். பணம் உள்ளவர் பணம் தந்தார். இரண்டும் இல்லாதவர் உழைப்பைத் தந்தார். இப்படிக் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்பில் பள்ளிகளுக்குச் சொத்துச் சேர்ந்தது.

அதில் பணத்தை விடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. கல் சுமந்தவன் அந்தச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டான். மணி வாங்கிக் கொடுத்தவள் அந்த மணி காலையில் அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். சர்க்கார் பள்ளிக்கூடம் என்ற பேச்சு மாறி, எங்கள் பள்ளிக்கூடம் என்ற பேச்சு வந்தது.

அந்த வழக்கம் இன்றும் வேறு பெயரில் தொடர்கிறது. 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல், நம்ம ஊருப் பள்ளி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பழைய மாணவர்களும் தொழில் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்கு உதவ அது வழி செய்கிறது. அதே ஆண்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரால் ஒரு பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாயில் அரசுப் பள்ளிகளுக்கு வகுப்பறை முதலியவை கட்டுவது என்பது அறிவிப்பு. ஆகவே பணத்துக்கு வழியே இல்லை என்று கையை விரிப்பதற்கில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும்.

மலையின் கணக்கு வேறு

இனி மலைக்குப் போவோம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அதன் ஒரு பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைக்கு வெள்ளிமலைதான் தலைமை ஊர். இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். பேசுவது தமிழ். சாமையும் மரவள்ளியும் பயிரிடுவார்கள். கடுக்காயும் தேனும் புளியும் சேர்ப்பார்கள்.

சமவெளியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்த மலையில் ஜாகீர் முறை இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி. நாடு 1947-ல் விடுதலை பெற்றது. ஜாகீர் ஒழிந்து மலை அரசின் கைக்கு வந்தது 1976-ல்! ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பின்தங்கி ஓடத் தொடங்கியவர்களைப் பார்த்து, ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று கேட்பது நியாயமா? 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. மக்களுக்கு வேண்டிய அடிப்படை வசதிகளைப் பற்றி அரசிடம் விவரம் கேட்டது.

மலையில் ஒரு பெரிய ஊர் என்பது அபூர்வம். இங்கே இருபது வீடு. ஓடையைத் தாண்டி முப்பது வீடு. மேட்டில் பதினைந்து வீடு. கீழே அளக்கிற மைல் வேறு; மலையில் நடக்கிற மைல் வேறு. ஆறு வயதுக் குழந்தை ஏறி இறங்கி நடக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஓடையில் வெள்ளம் வந்தால் வழி அடைபடும். அன்றைக்குப் பள்ளி இல்லை. அறுவடைக் காலத்திலும் கூலி வேலைக்காகத் தாய் தகப்பன் வெளியூர் போகிற காலத்திலும் குழந்தையும் கூடப் போய்விடும். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். பெண் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். தனியாகக் காட்டு வழியில் அனுப்பத் தாய்க்கு மனம் வராது. தம்பியைப் பார்த்துக்கொள் என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவாள். அவள் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

இதற்காகத்தான் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. சோறும் தங்குமிடமும் படிப்பும் ஓரிடத்தில். வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் இருக்கிறது. மலைப் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது என்று ஏறிப் போக இவை பெரிய படிக்கட்டு. ஆனால் ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தைக்கு இது ஏற்ற இடமா? இரவில் தாயின் பக்கத்தில் படுக்க வேண்டிய வயது அது. சிற்றூரில் பள்ளி இல்லாவிட்டால் எல்லாச் சிறுவர்களும் விடுதியில்தான் வந்து சேர வேண்டும். அங்கே கூட்டம் மிகும். படுக்கவும் படிக்கவும் ஒரே அறை என்ற நிலை வரும். பார்த்தீர்களா? மலையிலும் கடைசியில் இடநெருக்கடிதான்! தொலைவும் நெருக்கடியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

சட்டம் யார் பக்கம்?

சட்டம் குழந்தையின் பக்கம் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி என்கிறது அது. 300 பேருக்குக் குறையாமல் வாழும் குடியிருப்புக்கு ஒரு கிலோமீட்டர் நடைதூரத்தில் தொடக்கப் பள்ளி வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. காமராஜர் காலத்து ஒரு மைல் இன்று ஒரு கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. நல்ல சுருக்கம்தானே!

ஆசிரியர் கணக்கும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. 121 முதல் 200 வரை ஐந்து. 150-க்கு மேல் போனால் தனியாக ஒரு தலைமை ஆசிரியர். ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், சமையற்கூடம், விளையாட இடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, கால் ஊனமுற்ற குழந்தை ஏறிவரச் சாய்தளம் ஆகியவையும் வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் அதைக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

மலையில் ஒரு சந்தேகம் வரும். சுற்றிலும் காடு. காட்டு நிலத்தில் பள்ளி கட்ட அனுமதி கிடைக்குமா? 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர், சாலை முதலியவற்றுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு உட்பட்ட, காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஒரு ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊரின் கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கிராம சபை என்றால் யார்? ஓட்டுரிமை பெற்ற எல்லாரும்தான். கீரை விற்கிற பாட்டியும் கிராம சபை. காட்டில் தேன் எடுக்கிற அண்ணனும் கிராம சபை.

ஊரார் செய்ய வேண்டியது

எல்லாம் சரி, எங்கள் ஊருக்குப் பள்ளி வேண்டுமானால் முதலில் யாரைப் பார்ப்பது என்று கேட்பீர்கள்.

முதலில் கணக்கெடுங்கள். தெருவாரியாக, வீடுவாரியாக எத்தனை குழந்தைகள்? ஐந்து வயது எத்தனை? அடுத்த ஆண்டு சேர வேண்டியது எத்தனை? இப்போது எங்கே படிக்கிறார்கள்? எவ்வளவு தூரம்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும். வாயால் சொல்கிற குறை காற்றோடு போகும். எண்ணோடு எழுதிய குறை அதிகாரியின் மேஜையில் உட்காரும்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இது இருக்க வேண்டும். இதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். இந்தக் குழு கூடி, இத்தனை குழந்தைகளுக்கு இத்தனை அறை குறைகிறது என்று தீர்மானம் போட வேண்டும். அதைத் தலைமை ஆசிரியர் மூலம் வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பள்ளியே இல்லாத குடியிருப்பானால் பெற்றோர் கையெழுத்திட்டு நேரே மனுக் கொடுக்கலாம்.

மூன்றாவது, கிராம சபை. குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. அன்றைக்குக் கூலி போகிறதே என்று பார்க்காமல் ஆணும் பெண்ணுமாகப் போய் உட்கார வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் பள்ளியின் பேச்சு எழுதப்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

நான்காவது, நிலம். பல பள்ளிகள் எழாமல் போவது இங்கேதான். புறம்போக்கு நிலம் உண்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கு உதவாது. அங்கே கட்டினால் மழையில் பள்ளி மிதக்கும், வழக்கும் வரும். யாராவது நிலம் தானமாகக் கொடுத்தால் வாய்ச்சொல்லோடு விட்டுவிடாதீர்கள். பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தாத்தா கொடுத்த நிலத்தைப் பேரன் திருப்பிக் கேட்பான். மேலே மின்கம்பி போகாத இடமா? பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறதா? குழந்தை நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமா? எல்லாச் சாதித் தெருப் பிள்ளைகளும் தயக்கமின்றி வரக்கூடிய பொது இடமா? இதையெல்லாம் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, கட்டும்போது கண் வேண்டும். எஞ்சினியர் வருவார், போவார். காண்டிராக்டர் வருவார், போவார். அந்தச் சுவருக்குக் கீழே உட்காரப் போவது உங்கள் பிள்ளை. சிமெண்டு எத்தனை மூட்டை, கம்பி எவ்வளவு, சுவருக்குத் தண்ணீர் ஊற்றி ஆற வைக்கிறார்களா என்று ஊரார் பார்க்கலாம், கேட்கலாம். மலைக்கு ஜல்லியும் மணலும் லாரியில் ஏறி வர வேண்டும். செலவு கூடும். செலவு கூடுகிற இடத்தில் கலவை குறையும் என்பது கொத்தனாருக்குத் தெரியாததல்ல. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் எங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடி இடித்தார்கள். பிள்ளைகள் இறந்த பிறகு சுவரைத் தட்டிப் பார்ப்பதை விட, கட்டும்போதே தட்டிப் பார்ப்பது மேல் அல்லவா?

கட்டடம் எழுந்த பிறகு

திறப்பு விழா முடிந்தது. மாவிலைத் தோரணம் காய்ந்தது. பிறகு?

உபாத்தியாயர் இல்லாத பள்ளிக்கூடம் வழிப்போக்கர் தங்குகிற சத்திரம்தான். மலையில் இது பெரிய கவலை. கீழேயிருந்து வருகிற ஆசிரியருக்குப் பஸ் கிடைக்க வேண்டும். தங்க வீடு வேண்டும். அவருக்கும் குழந்தை குட்டிகள் உண்டு. வராத ஆசிரியரைத் திட்டுகிற ஊர், வந்த ஆசிரியருக்கு ஒரு குடிநீர்க் குடமாவது கொடுத்ததா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே சமயம் ஆசிரியர் வராத நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, மேலாண்மைக் குழுவில் கேட்கவும் வேண்டும். பரிவும் வேண்டும், கண்டிப்பும் வேண்டும். பணியிடம் காலியாகவே கிடந்தால் அதை நிரப்பச் சொல்லி மனுவும் போக வேண்டும்.

மலையிலிருந்து படித்து மேலே வந்த பெண்களும் பிள்ளைகளும் ஆசிரியர் பயிற்சி பெற்றுத் தங்கள் ஊருக்கே திரும்பி வரும் நாள் வர வேண்டும். அப்போது பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். ஓடையில் வெள்ளம் வந்தாலும் பள்ளி நடக்கும். ஆனால் அந்த ஆசிரியை முதலில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். அவள் நடந்து போகிற தூரத்தில் அந்த ஒன்றாம் வகுப்பு இருக்க வேண்டும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் பெற்றோர்களே! உங்களுக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டுமானால், அது தானாக நடந்து வராது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். காமராஜர் காலத்தில் நம் பாட்டனும் பாட்டியும் இழுத்த தேர் இது. பாதித் தூரம் வந்து நிற்கிறது. சமவெளியில் அதற்கு இன்னும் சில அறைகள் வேண்டும். மலையில் இன்னும் சில வாசல்கள் வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். அதற்குள் அந்த நோட்டுப் புத்தகத்தில் உங்கள் தெருக் குழந்தைகளின் பெயர்களை எழுதி முடித்துவிடலாம்.